வீட்டில் பீர் காய்ச்சினால் என்ன தப்பு?

தமிழில் 'காய்ச்சுவது' என்று ஒரு சொல் இருக்கிறது. அம்மா பால் காய்ச்சுகிறார். பாட்டி கஷாயம் காய்ச்சுகிறார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்கள். யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் 'அவன் வீட்டிலேயே காய்ச்சுகிறானாம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எதைக் காய்ச்சுகிறான் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்த நிமிஷம் போலீஸுக்குப் போன் போய்விடும்.

இதே வாக்கியத்தை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர், "எப்போது ரெடியாகும்?" என்று கேட்பார். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. தோட்டம் போடுவது, மீன் தொட்டி வைப்பது, போட்டோ எடுப்பது மாதிரி. அதற்கென்று சாமான் விற்கும் கடைகள், புத்தகங்கள், சங்கங்கள், போட்டிகள் எல்லாம் உண்டு.

ஒரே வேலை ஒரு ஊரில் பொழுதுபோக்கு, இன்னொரு ஊரில் குற்றம். இதில் எது சரி? 'குடி கெடுதல், ஆகவே தப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். குடி கெடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடிப்பது வேறு, செய்வது வேறு, விற்பது வேறு. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. முதலில் வீட்டில் பீர் செய்பவர் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கலாம்.

அடுப்பு முதலிலா, கடைசியிலா?

பீருக்கு வேண்டியது நாலே நாலு பொருள். தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி (இதைத்தான் மால்ட் என்கிறார்கள்), ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட்.

மால்ட்டை ஒன்றிரண்டாக உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். முளைத்த தானியத்தில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி வைத்தால் சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கிறதே, அதே சங்கதிதான். சூடு கூடினால் என்சைம் செத்துவிடும், குறைந்தால் வேலை சுணங்கும். அதனால் கையில் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலைக்கு ஆகாது.

பிறகு சக்கையை வடிகட்டி எடுத்துவிட்டு, அந்த இனிப்புத் தண்ணீரைச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். கொதிக்கும்போது ஹாப்ஸ் போடுகிறார்கள். பீரின் கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. சீக்கிரம் கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். கொதித்து முடிந்ததும் மளமளவென்று ஆறவைத்து, 20 டிகிரி அளவுக்கு வந்தபின் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி ஈஸ்ட் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மூடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். உள்ளே உண்டாகும் வாயு அதன் வழியாக வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. இரண்டு வாரம் அது பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம். அந்தச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று விடும் வாயு வெளியேற வழியில்லாமல் பாட்டிலுக்குள்ளேயே தங்குவதால்தான் திறக்கும்போது நுரை பொங்குகிறது. ஒரு தடவை செய்தால் வழக்கமாக 5 கேலன், அதாவது 19 லிட்டர் வரும். முழுசாக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

இப்போது சாராயத்துக்கு வாருங்கள். வெல்லம், பழம், பட்டை என்று எதையோ போட்டு ஊறல் வைத்து, அது நன்றாகப் புளித்த பிறகு அடுப்பில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், எத்தில் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் சாராயம்.

வித்தியாசம் புரிகிறதா? பீரில் அடுப்பு முதலில் வருகிறது. சாராயத்தில் கடைசியில் வருகிறது. பீரில் ஈஸ்ட் சேர்க்கும்போது அடுப்பு அணைந்து, பாத்திரம் ஆறியிருக்கும். அதற்கப்புறம் யாரும் அதில் கை வைப்பதில்லை. தான் உண்டாக்கிய ஆல்கஹாலையே ஓர் அளவுக்கு மேல் ஈஸ்டால் தாங்க முடியாது, நின்றுவிடும். சாதாரண பீர் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். சாராயத்தில் மனிதன் குறுக்கே புகுந்து, ஈஸ்ட் நிறுத்திய இடத்திலிருந்து 40, 50 சதவீதத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறான்.

கள்ளுக்கு அடுப்பே கிடையாது. பாளையைச் சீவி விட்டால் வடியும் பதநீர், சுண்ணாம்பு தடவாத பானையில் தானாகவே சில மணி நேரத்தில் புளித்துவிடுகிறது. அதனால்தான் தமிழ் ரொம்பச் சரியாகக் கள்ளை 'இறக்குவது' என்கிறது, சாராயத்தைக் 'காய்ச்சுவது' என்கிறது. பாவம், பீர் வெளியூரிலிருந்து வந்தது. அதற்கென்று தனி வினைச்சொல் இல்லை. சாராயத்தின் சொல்லையே கடன் வாங்கியது. கூடவே அதன் கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது.

பாடப்புத்தகத்தில் ஒளிந்திருக்கும் பீர்

'இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?' என்று கேட்பவர்கள் தங்கள் பாடப்புத்தகங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பிசிக்ஸில் ஆற்றலின் அலகு ஜூல். அந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆலை வேலையைக் கவனித்துக்கொண்டேதான் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் பலரைக் கவிழ்த்துவிடும் 'ஸ்டூடண்ட் டி-சோதனை' எந்த மாணவரும் கண்டுபிடித்ததல்ல. டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதியது அது. கொஞ்சம் சாம்பிளை வைத்துக்கொண்டு பார்லியின் தரத்தை எப்படி முடிவு செய்வது என்பதுதான் அவருடைய தலைவலி. கெமிஸ்ட்ரியில் அமிலமா காரமா என்று பார்க்கும் பி.எச். அளவு 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் உருவாக்கியது. அதுவும் பீர் கம்பெனி வைத்த ஆய்வகம்தான். அதே இடத்தில் 1883இல் எமில் ஹான்சென் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

இது பீரின் மகிமை இல்லை. ஒரு பொருளைச் செய்ய ஆரம்பித்தால் அளக்க வேண்டி வருகிறது, அளந்தால் கேள்வி வருகிறது, அவ்வளவுதான். வீட்டில் காய்ச்சுபவரும் அதையே சின்ன அளவில் செய்கிறார். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பது போல, ஹைட்ரோமீட்டர் போட்டு அடர்த்தி பார்க்கிறார். ஆரம்பத்தில் 1.050, முடிவில் 1.010 என்றால், வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். பாத்திரம் சுத்தமில்லை என்றால் ஒரு மாத உழைப்பு புளித்துப்போன தண்ணீராகிவிடும். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை கூடிப்போனாலோ, நொதித்தல் முடியாமல் அவசரப்பட்டு அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். உண்மையாகவே வெடிக்கும், கண்ணாடிச் சில்லு பறக்கும். அவசரக்காரர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

கடையில் வாங்கிக் குடிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். விலை என்ன? ஏறுமா, ஏறாதா?

ஒரு கையெழுத்தும் அதற்குப் பிறகும்

அமெரிக்காவில் இது எப்போதும் அனுமதிக்கப்பட்டிருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டன் தன் நோட்டுப் புத்தகத்தில் பீர் செய்முறை எழுதி வைத்திருந்த நாடுதான் அது. அதே நாட்டில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்தது. மக்கள் வீட்டில் காய்ச்சுவது நின்றதா என்றால் இல்லை. ரொட்டி சுடுவதற்கு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் மால்ட் பாகு டின் டின்னாக விற்றது. இன்னொரு பக்கம் கள்ளக் கடத்தல் கும்பல்கள் கொழுத்தன. 1933 டிசம்பரில் மதுவிலக்கை எடுத்தார்கள்.

எடுத்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டில் ஒயின் செய்துகொள்ளலாம் என்று வந்தது, பீருக்கு அந்த அனுமதி இல்லை. தட்டச்சில் ஒரு வார்த்தை விட்டுப்போனதால்தான் இப்படி என்று ஒரு கதை சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அடுத்த 45 வருடம் வீட்டு பீர் சட்டவிரோதமாகவே கிடந்தது. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதை மாற்றியது. 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் போட்ட கோடுதான் கவனிக்க வேண்டியது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்யலாம், விற்கக் கூடாது. பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். வடித்துச் சாராயமாக்குவதை அந்தச் சட்டம் தொடவே இல்லை, அது குற்றமாகவே விடப்பட்டது. மாநிலங்கள் தனித்தனியாக முடிவு செய்ய உரிமை இருந்ததால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் சம்மதித்தன.

பிறகு என்ன ஆனது? தெருவெல்லாம் குடிகாரர்கள் விழுந்து கிடந்தார்களா?

அந்தச் சமயத்தில் அமெரிக்கா முழுக்க பீர் ஆலை வைத்திருந்த கம்பெனிகள் நூறுகூட இல்லை. சில பெரிய கம்பெனிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே ருசி. கலிபோர்னியாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர், கடற்படை வேலையாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது வீட்டில் பீர் செய்யப் பழகியவர், 1976இல் 'நியூ ஆல்பியன்' என்று ஒரு குட்டி ஆலை ஆரம்பித்தார். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அது பாதை போட்டுக் கொடுத்தது. அதே மாநிலத்தில் சிக்கோ என்ற ஊரில் வீட்டு பீர் சாமான் கடை வைத்திருந்த கென் கிராஸ்மேன், பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வாங்கி ஒட்டவைத்து 1980இல் 'சியெரா நெவாடா'வைத் தொடங்கினார். கொலராடோவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சார்லி பபாசியன், சட்டம் வருவதற்கு முன்பே பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1978இல் அவரும் நண்பரும் சேர்ந்து வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு ஒரு தேசிய சங்கத்தையே ஆரம்பித்தார்கள். இன்று அங்கே 9,000க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள். முக்கால்வாசி சின்னச் சின்ன ஊர் ஆலைகள். அவற்றைத் தொடங்கியவர்களில் ஏகப்பட்ட பேர் வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்டவர்கள்.

எல்லாப் பெருமையும் வீட்டு அடுப்புக்கே என்று சொன்னால் அது பொய். 1976இலேயே சின்ன ஆலைகளுக்கு வரியைக் குறைத்தார்கள், அதுவும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் வரிச் சலுகை மட்டும் இருந்து செய்யத் தெரிந்தவன் இல்லையென்றால் ஆலையை யார் தொடங்குவது?

வெள்ளை மாளிகையே இதில் இறங்கியது. ஒபாமா காலத்தில் அங்குள்ள சமையல்காரர்கள் தோட்டத்துத் தேனைப் போட்டு பீர் காய்ச்சினார்கள். செய்முறையைக் கொடு என்று பொதுமக்கள் மனுப் போட்டதால் 2012 செப்டம்பரில் அதை வெளியிட்டார்கள்.

தடைக்கு உண்மையான காரணம்

வீட்டில் செய்வதை அரசாங்கங்கள் ஏன் தடுத்தன? உடல்நலம், ஒழுக்கம் என்று சொல்வார்கள். வரலாற்றைப் பார்த்தால் பல இடங்களில் பதில் வேறு. வரி.

இங்கிலாந்தில் 1880இல் வந்த சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் பட்ஜெட்டில் அதை நீக்கினார். அதன்பின் அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சர்வ சாதாரணம்.

ஜப்பான் கதை இன்னும் வெளிப்படை. அங்கே விவசாயிகள் காலங்காலமாக அரிசியைப் புளிக்கவைத்து 'தொபுரோகு' என்ற கலங்கலான பானம் செய்து வந்தார்கள். கள் மாதிரி வெள்ளையாக இருக்கும். மது வரியை நம்பி இருந்த அரசு 1899இல் அதைத் தடை செய்தது. 1980களில் மயேதா தொஷிஹிகோ என்ற எழுத்தாளர், என் வீட்டில் எனக்காகச் செய்வதில் அரசுக்கு என்ன வேலை என்று வேண்டுமென்றே செய்து காட்டி வழக்கைச் சந்தித்தார். 1989இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மது வரி ஒழுங்காக வசூலாக வேண்டும் என்பதற்காக அரசு இப்படித் தடுக்கலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் வரும் எதையும் லைசென்ஸ் இல்லாமல் அங்கே செய்யக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் வேடிக்கை உச்சத்துக்குப் போகிறது. இங்கே நடைமுறையில் இருக்கும் சட்டத்தின் பெயர் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டு வந்தது. அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழேதான் 2003 நவம்பர் முதல் அரசின் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை நடத்துகிறது. 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். பனைமரத்திலிருந்து இறக்கும் கள்ளுக்கு 1987 முதல் தடை. 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள குவார்ட்டர் பாட்டிலுக்குத் தடை இல்லை. இது உடல்நலத்தை நினைத்துப் போட்ட கணக்கா என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

'கள்ளக்குறிச்சி மறந்துபோச்சா?'

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். வரவும் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20க்கும் மேற்பட்டவர்கள். அத்தனையும் கூலி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய வீடுகள்.

அவர்களைக் கொன்றது மெத்தனால். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். தானியத்தையோ வெல்லத்தையோ புளிக்கவைத்தால் உண்டாவது எத்தனால். மெத்தனால் மிக மிகச் சொற்பம், ஆபத்து வரும் அளவுக்கு அதில் வராது. கள்ளச்சாராயச் சாவுகளில் வரும் மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பெயிண்ட், கரைப்பான், பிளாஸ்டிக் தொழிலுக்குப் பயன்படுவது. மலிவாகக் கிடைக்கிறது, போதை ஏற்றுகிறது என்று அதைத் தண்ணீரில் கலந்து விற்கிறார்கள். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பிடுங்குகிறது, அப்புறம் உயிரை. மணத்தையும் ருசியையும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதாவது அங்கே நடந்தது காய்ச்சுவதுகூட இல்லை. விஷத்தைக் கலந்து விற்பது. அதற்கும், சமையலறையில் 19 லிட்டர் பார்லித் தண்ணீரைப் புளிக்கவிட்டு ஒரு மாதம் காத்திருப்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் லாபம் அடைபவர் விஷ வியாபாரிதான். 'கள்ளச்சாராயம் காய்ச்சினான்' என்ற செய்தி, 'தொழிற்சாலை மெத்தனால் வெளியே எப்படிப் போனது, யார் விட்டது?' என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

மறுபக்கமும் உண்மைதான்

இந்தப் பொழுதுபோக்கை ஆதரிப்பவர்கள் சில பொய்களைக் கைவிட வேண்டும்.

'வீட்டில் செய்தது இயற்கையானது, உடம்புக்கு நல்லது' என்பது முதல் பொய். ஆல்கஹால் எங்கே செய்தாலும் ஆல்கஹால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. இவ்வளவு வரை குடிக்கலாம் என்று பாதுகாப்பான அளவே கிடையாது என்று அந்த நிறுவனம் 2023 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. அதில் வீட்டு பீருக்கு விதிவிலக்கு ஏதும் இல்லை.

'செலவு மிச்சம்' என்பது இரண்டாவது. பாத்திரம், தெர்மாமீட்டர், குழாய், பாட்டில், மூடி, கேஸ், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, இதையெல்லாம் கணக்குப் பார்த்தால் மிச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. எந்தப் பொழுதுபோக்கும் காசை மிச்சப்படுத்தியதாகச் சரித்திரம் கிடையாது.

மூன்றாவதுதான் கனமானது. குடிக்கு அடிமையான ஒருவர் இருக்கும் வீட்டில் 19 லிட்டர் பீரைக் கொண்டுபோய் வைப்பது, நெருப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது மாதிரி. கடைக்குப் போகக் கால் கடுக்க வேண்டும், காசு வேண்டும், கடை மூடும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. சமையலறை அலமாரிக்கு இதில் எதுவுமே இல்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிடம் போய் அமெரிக்காவில் 9,000 பீர் ஆலை இருக்கிறது என்று சொன்னால் விளக்குமாறு பறந்து வரும். பறந்து வருவது நியாயமும்கூட. இதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. அந்த வீட்டுக்கு இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படியானால் கோடு எங்கே?

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் 1978ஆம் வருடக் கோடு சரியான கோடாகவே தெரிகிறது. புளிக்கவைக்கலாம், வடிக்கக் கூடாது. வீட்டுக்குச் செய்யலாம், ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. வயது வந்தவர்கள் மட்டும். வருடத்துக்கு ஓர் அளவு.

அளவு விஷயத்தில் மட்டும் அமெரிக்காக்காரர்கள் ரொம்ப தாராளம். 100 கேலன் என்றால் சுமார் 378 லிட்டர். 365ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்குத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல்! அது பொழுதுபோக்கு இல்லை, சாப்பாடு. உண்மையிலேயே செய்து பார்க்கும் ஆசைக்கு வருடத்துக்கு ஐந்து தடவை, ஆக 95 லிட்டர் என்று வைத்தால்கூட ஏராளம். நண்பர்களுக்கும் கொடுக்கலாம்.

'ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் யார் போய்ப் பார்ப்பது?' என்று கேட்கலாம். இப்போது இருக்கும் தடையையும் யாரும் அடுப்பைப் பார்த்து அமல்படுத்தவில்லையே. விற்றால் வெளியே தெரியும். தெரிகிற அந்த இடத்தில்தான் போலீஸ் நிற்க வேண்டும். அதைவிட முக்கியமாக மெத்தனால் லாரி புறப்படும் இடத்தில் நிற்க வேண்டும்.

இந்தியாவிலேயே இதற்கு இடம் இல்லாமல் இல்லை. அசாமில் திமாசா மக்கள் அரிசியில் செய்யும் 'ஜுதிமா' என்ற பானத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்த அதே குறியீடு. ஓர் ஊர்ப் பெண்கள் வீட்டில் புளிக்கவைத்தது பாரம்பரியம், இன்னொரு ஊர்க்காரர் பானையில் இறக்கியது குற்றம் என்று இரண்டு நியாயம் எத்தனை நாள் ஓடும்?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய தேதியில் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் செய்வது சட்டப்படி குற்றம். மது வாங்கும் வயதே 21. ஆகவே ஹாஸ்டல் அறையில் பக்கெட்டைக் கவிழ்த்து ஆராய்ச்சி செய்ய நினைக்கும் கண்மணிகள் தயவுசெய்து அடங்கவும்.

ஆசை அடங்காதவர்களுக்கு வேறு வழி வீட்டிலேயே இருக்கிறது. இட்லி மாவு. அதைப் பொங்க வைப்பதில் ஈஸ்டைவிட லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குத்தான் பெரிய பங்கு, ஆனால் விளையாட்டு அதே விளையாட்டு. சித்திரையில் ஐந்து மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. மார்கழியில் போர்வை போர்த்தி அடுப்படியில் வைத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. பாத்திரத்தில் ஒரு கோடு போட்டு மணிக்கு ஒரு தரம் எவ்வளவு ஏறியது என்று குறிக்கலாம், லேபில் கெஞ்சிக் கூத்தாடி நாலு பி.எச். தாள் வாங்கி வந்து புளிப்பை அளக்கலாம். கல் உப்புப் போட்ட மாவையும் தூள் உப்புப் போட்ட மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது சீக்கிரம் பொங்கும் என்று அம்மாவைக் கேட்டால் பதில் சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால் 'போய்ப் படிக்கிற வேலையைப் பார்' என்பார்.

அந்த 'ஏன்' வந்தவர்கள்தான் மான்செஸ்டரிலும் டப்ளினிலும் பீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.